எதிர்க்கருத்தையும் எழுதி வைத்த இமாம்: ஜலாலுத்தீன் ஸுயூத்தி (ரஹ்)

 



ரபீஉல் அவ்வல் பிறை தென்பட்டுவிட்டால் இமாம்களின் கைபேசிக்கு ஓய்வு இருக்காது. மவ்லித் ஓத வாருங்கள் ஹஜ்ரத் என்று ஒருவர் கூப்பிடுவார். மவ்லித் ஓதுவது கூடுமா கூடாதா என்று இன்னொருவர் கேட்பார். மூன்றாமவர் எதையும் கேட்க மாட்டார்; வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோவை அனுப்பிவிட்டு, இதற்கு என்ன பதில் சொல்லப் போகிறீர்கள் என்று சவால் விடுவார். மூன்று பேரும் ஒரே முஹல்லாவைச் சேர்ந்தவர்கள். மூன்று பேரும் ஐந்து வேளையும் ஒரே கிப்லாவை நோக்கி நிற்பவர்கள்.

அதனால் இந்த வாரம் மஸ்அலாவை மட்டும் சொல்லி முடித்துக்கொள்ளாமல், அந்த மஸ்அலாவில் ஒரு கித்தாபே எழுதிய ஒரு மாமேதையின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறேன். அவர் பெயரைத் தெரியாத ஆலிம் இருக்க மாட்டார். நம் தமிழகத்து அரபிக் கல்லூரிகளில் தஃப்ஸீர் ஜலாலைன் ஓதாமல் பட்டம் வாங்கியவர் அரிது. அந்தத் தஃப்ஸீரின் முதல் பாதியை எழுதியவர்தான் இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தி (ரஹ்) அவர்கள்.

ஐந்து வயதில் யத்தீம்

ஹிஜ்ரி 849, ரஜப் முதல் நாள். ஆங்கிலக் கணக்கில் 1445 அக்டோபர். கெய்ரோ நகரில் ஓர் ஆலிமின் வீட்டில் அப்துர் ரஹ்மான் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் மேல் எகிப்தில் நைல் நதிக்கரையில் இருக்கும் அஸ்யூத் என்ற ஊர். அந்த ஊர்ப்பெயர்தான் ஸுயூத்தி என்று அவரோடு ஒட்டிக்கொண்டது. தந்தையார் ஷாஃபிஈ ஃபிக்ஹு நடத்திய ஆசிரியர்.

பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்து சில மாதங்களில், ஹிஜ்ரி 855ல், தந்தையார் வஃபாத்தானார்கள். பிள்ளையைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஹனஃபி மத்ஹபின் மாபெரும் இமாம் கமாலுத்தீன் இப்னுல் ஹுமாம் (ரஹ்) அவர்கள். ஷாஃபிஈ ஆலிமின் யத்தீம் பிள்ளைக்கு ஹனஃபி இமாம் ஆதரவாக நின்றார்கள். தொழுகையில் கையை எங்கே கட்டுவது, ஆமீனைச் சத்தமாகச் சொல்வதா மெதுவாகச் சொல்வதா என்பதில் இருவருடைய மத்ஹபும் வேறு. ஆனால் ஒரு யத்தீமின் தலையைத் தடவிக் கொடுப்பதில் மத்ஹபு குறுக்கே வரவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எட்டு வயது நிறைவதற்குள் குர்ஆன் முழுவதையும் அவர் மனனம் செய்துவிட்டார். அதற்குப் பிறகு ஹதீஸில் உம்தா, ஃபிக்ஹில் இமாம் நவவியின் மின்ஹாஜ், நஹ்வில் இப்னு மாலிக்கின் அல்ஃபிய்யா என்று ஒவ்வொரு கித்தாபாக நெஞ்சில் ஏற்றினார். பதினேழு வயதில் முதல் நூலை எழுதினார். அது அஊதுவுக்கும் பிஸ்மில்லாஹ்வுக்கும் விளக்கம். அவருடைய உஸ்தாத், காழி அலமுத்தீன் புல்கீனி (ரஹ்) அவர்கள் அதைப் பார்த்து, பாராட்டுரை எழுதிக் கொடுத்தார்கள்.

உஸ்தாத்மார்களின் வரிசை மிக நீளம். முஹ்யித்தீன் காஃபியஜி (ரஹ்) என்ற பேரறிஞரிடம் மட்டும் பதினான்கு வருடங்கள் ஒட்டிக்கொண்டார். ஹதீஸைப் பெண் அறிஞர்களிடமிருந்தும் கேட்டு எழுதினார். நம் வீட்டுப் பெண்பிள்ளைகளின் மார்க்கக் கல்வியை மக்தப் வயதோடு நிறுத்திவிடுகிற பெற்றோர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நாற்பது நாளில் ஒரு தஃப்ஸீர்

இருபது வயதில், ஹிஜ்ரி 869ல், ஹஜ்ஜுக்குப் போனார். ஸம்ஸம் தண்ணீர் எந்த நிய்யத்தில் அருந்தப்படுகிறதோ அதற்காகவே இருக்கிறது என்று ஹதீஸில் வருகிறது அல்லவா? நம்மில் பலர் நோய் தீர வேண்டும், கடன் அடைய வேண்டும், விசா வர வேண்டும் என்று நிய்யத் வைப்போம். அந்த வாலிபர், ஃபிக்ஹில் இமாம் ஸிராஜுத்தீன் புல்கீனியின் தரத்தையும் ஹதீஸில் ஹாஃபிழ் இப்னு ஹஜர் அஸ்கலானியின் தரத்தையும் அடைய வேண்டும் என்று நிய்யத் வைத்து ஸம்ஸம் குடித்தார். அவரே தம் வரலாற்றில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

துஆ கபூலானதற்கு அடையாளமாக, அடுத்த வருடமே ஒரு பெரும் பணி வந்தது. இமாம் ஜலாலுத்தீன் மஹல்லி (ரஹ்) அவர்கள் கஹ்ஃபு சூராவிலிருந்து குர்ஆனின் கடைசி வரைக்கும் தஃப்ஸீர் எழுதி, ஃபாத்திஹாவுக்கும் எழுதிவிட்டு, ஹிஜ்ரி 864ல் வஃபாத்தாகிவிட்டார்கள். மீதிப் பாதி அப்படியே நின்றது. ஸுயூத்தி (ரஹ்) ஹிஜ்ரி 870 ரமழான் முதல் நாளில் பேனாவை எடுத்தார். பகரா சூராவில் தொடங்கி இஸ்ரா சூராவை முடித்தபோது ஷவ்வால் பத்து. சரியாக நாற்பது நாள். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

இரண்டு ஜலாலுத்தீன்கள் எழுதியதால் அது ஜலாலைன். மஹல்லி இமாமின் நடையோடு தம் நடையைப் பொருத்தி எழுதியதால், எங்கே ஒருவர் முடித்தார், எங்கே மற்றவர் தொடங்கினார் என்று ஓதுகிற மாணவனுக்குச் சட்டென்று தெரியாது. தன் பெயர் தனியாகத் தெரிய வேண்டும் என்று நினைக்கும் வயதில், இன்னொருவரின் நடைக்குள் தன் நடையை அவர் அடக்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் பேனா நிற்கவில்லை. குர்ஆன் கலைகளில் அல்இத்கான், ஹதீஸ் வழித் தஃப்ஸீரில் அத்துர்ருல் மன்ஸூர், ஹதீஸ் தொகுப்பில் அல்ஜாமிஉஸ் ஸகீர், சரித்திரத்தில் தாரீகுல் குலஃபா, ஃபிக்ஹில் அல்அஷ்பாஹ் வன்னழாயிர். சிறிதும் பெரிதுமாக ஐநூறுக்கும் மேற்பட்ட நூல்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே அவை மேற்கு ஆப்பிரிக்கா வரை பயணம் போயின.

ஒரு கேள்வி வந்தது

அப்படிப்பட்ட இமாமிடம் ஒரு கேள்வி வந்தது. ரபீஉல் அவ்வல் மாதத்தில் மவ்லித் மஜ்லிஸ் நடத்துகிறார்களே, ஷரீஅத்தில் அதன் சட்டம் என்ன? அது புகழத்தக்கதா, பழிக்கத்தக்கதா? செய்பவருக்கு நன்மை உண்டா, இல்லையா? ஐநூறு வருடத்துக்கு முந்தைய கெய்ரோவின் கேள்வியும் இன்று உங்கள் கைபேசியில் வரும் கேள்வியும் ஒன்றுதான்.

அவர் எழுதிய பதில்தான் ஹுஸ்னுல் மக்ஸித் ஃபீ அமலில் மவ்லித் என்ற சிறு நூல். அல்ஹாவீ என்ற அவருடைய ஃபத்வாத் தொகுப்பில் அது இருக்கிறது. மக்கள் ஒன்று கூடுவது, முடிந்த அளவு குர்ஆன் ஓதுவது, நபி (ஸல்) அவர்களின் பிறப்பைப் பற்றி வந்துள்ள செய்திகளைச் சொல்வது, உணவு பரிமாறுவது, சாப்பிட்டுவிட்டுக் கலைந்து போவது, இவ்வளவுதான் மவ்லித்தின் அடிப்படை. இதற்கு மேல் எதுவும் சேராவிட்டால் இது நல்ல பித்அத், நபியைக் கண்ணியப்படுத்துவதும் அவர்கள் பிறந்ததற்கு மகிழ்வதும் இதில் இருப்பதால் நன்மை உண்டு என்பது அவருடைய முடிவு.

ஒன்றைக் கவனியுங்கள். ஸஹாபாக்கள் காலத்திலேயே மவ்லித் மஜ்லிஸ் நடந்தது என்று அவர் வாதிடவில்லை. பிற்காலத்தில் வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறார். இதை முதலில் பெரிய அளவில் நடத்தியவர் என்று அவர் குறிப்பிடுவது இராக்கின் இர்பில் நகரத்து மன்னர் முழஃப்பருத்தீன் கூக்பூரி அவர்களை. சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் சகோதரி கணவர் அவர். ஹிஜ்ரி 630ல், அதாவது 1233ல், வஃபாத்தானவர். அதற்கு முன்பே எகிப்தில் ஃபாத்திமிய்யா ஆட்சியாளர்கள் அரசு விழாவாக மவ்லித் நடத்தியதையும் வரலாற்று ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். எதிர்ப்பவர்கள் இதை எடுத்துக் காட்டுவது வழக்கம்.

இர்பில் மன்னர் மவ்லிதுக்கு ஏராளமாகச் செலவழித்தார். ஆனால் அவர் உடுத்தியிருந்த முரட்டுச் சட்டை ஐந்து திர்ஹம் கூடப் பெறாது என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார். ஏன் இப்படி என்று மனைவி கடிந்துகொண்டபோது, ஐந்து திர்ஹம் துணியை உடுத்திக்கொண்டு மிச்சத்தை தர்மம் செய்வதுதான் நல்லது என்றாராம். கண் தெரியாதவர்களுக்கும் யத்தீம்களுக்கும் விதவைகளுக்கும் இல்லங்கள் கட்டியவர். எதிரிகளிடம் சிக்கிய கைதிகளைப் பணம் கொடுத்து மீட்டவர்.

அதே இர்பிலில் பிறந்த வரலாற்று ஆசிரியர் இப்னு கல்லிகான் (ரஹ்) ஒரு செய்தி எழுதுகிறார். நபி (ஸல்) பிறந்த தேதி எட்டா, பன்னிரண்டா என்பதில் அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு இருந்தது. அதனால் அந்த மன்னர் ஒரு வருடம் எட்டாம் பிறையிலும் அடுத்த வருடம் பன்னிரண்டாம் பிறையிலும் மவ்லித் நடத்துவார். கையில் அதிகாரம் இருந்தது. ஒரே தேதி என்று உத்தரவு போட்டிருக்கலாம். ஆனாலும் இரண்டு கருத்துக்கும் அவர் இடம் கொடுத்தார். நாமோ ஒரு பள்ளிவாசல் நோட்டீஸில் தேதி போடுவதற்குள் இரண்டு நிர்வாகக் கூட்டம் நடத்திச் சண்டை பிடிக்கிறோம்.

மறுப்பை மறைக்கவில்லை

இப்போது நான் உங்களுக்குச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஸுயூத்தி இமாமுக்கு நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு அலெக்ஸாந்திரியாவில் தாஜுத்தீன் ஃபாகிஹானி (ரஹ்) என்ற மாலிக்கி மத்ஹபு அறிஞர் இருந்தார்கள். ஹிஜ்ரி 734ல் வஃபாத்தானவர்கள். மவ்லித் கூடாது என்று தனியாக ஒரு நூல் எழுதினார்கள். குர்ஆனிலும் சுன்னத்திலும் இதற்கு ஆதாரம் இல்லை, முன்னோர்கள் செய்யவில்லை, ஷரீஅத்தின் ஐந்து சட்டங்களில் இது வாஜிபும் ஆகாது, சுன்னத்தும் ஆகாது, மார்க்கத்தில் புதிதாகச் சேர்ப்பது முபாஹும் ஆகாது, எனவே மக்ரூஹ் அல்லது ஹராம் என்பதுதான் மிச்சம் என்று வாதிட்டார்கள். பாட்டுக் கச்சேரியும் ஆண் பெண் கலப்பும் வற்புறுத்தி வசூல் செய்வதும் சேர்ந்தால் ஹராம் என்றார்கள். நபி (ஸல்) பிறந்த மாதம்தானே அவர்கள் வஃபாத்தான மாதமும், இதில் துக்கத்தை விட்டுவிட்டு மகிழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொள்வது எப்படிப் பொருந்தும் என்றும் கேட்டார்கள்.

நாமாக இருந்தால் என்ன செய்வோம்? எதிராளியின் பேச்சில் பலவீனமான ஒரு வரியை மட்டும் வெட்டி எடுப்போம். அதைச் சொல்லிச் சிரிப்போம். ஸுயூத்தி (ரஹ்) என்ன செய்தார்? ஃபாகிஹானியின் வாதத்தை முழுமையாகத் தம் நூலுக்குள் எழுதி வைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொன்னார். ஆதாரத்தை அறியவில்லை என்பதால் ஆதாரமே இல்லை என்று ஆகிவிடாது என்றார். பித்அத்திலும் ஐந்து வகை உண்டு என்று இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம் (ரஹ்) பிரித்ததை எடுத்துக் காட்டினார். ஜும்ஆவுக்குக் கூடுகிற கூட்டத்திலோ தராவீஹ் இரவுகளிலோ தவறான காரியங்கள் நடந்தால் அந்தத் தவறைத் தடுப்போம், ஜும்ஆவையும் தராவீஹையும் தடுக்க மாட்டோம் அல்லவா என்று கேட்டார். பிறப்பும் வஃபாத்தும் ஒரே மாதத்தில் வருவதற்கும் பதில் சொன்னார். குழந்தை பிறந்தால் அகீகா கொடுக்கச் சொன்ன ஷரீஅத், மரணத்துக்காக அறுக்கச் சொல்லவில்லை. அருட்கொடைக்கு நன்றியை வெளிப்படுத்தவும் சோதனைக்குப் பொறுமையாக இருக்கவும்தான் சொன்னது என்றார்.

அவருடைய பதில் சரியா, ஃபாகிஹானியின் வாதம் சரியா என்பதை நீங்கள் ஓதிப் பார்த்து, உங்கள் உஸ்தாதிடம் கேட்டு முடிவு செய்யலாம். ஆனால் இன்று ஃபாகிஹானியின் வாதத்தைப் படிக்க விரும்புகிறவர்களில் பலரும் திறப்பது ஸுயூத்தியின் கித்தாபைத்தான்! தன்னை எதிர்த்தவரின் பேச்சை ஐநூறு வருடத்துக்கு அவர் பத்திரப்படுத்திக் கொடுத்துவிட்டார். இதற்குப் பெயர் அமானிதம். கருத்து வேறுபாட்டிலும் அமானிதம் உண்டு சகோதரர்களே!

ஃபாகிஹானி இமாமைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மவ்லித் கூடாது என்றவர் ஆயிற்றே, நபி மீது பிரியம் குறைந்தவரோ என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஸலவாத்தின் சிறப்பைப் பற்றியே தனி நூல் எழுதியவர். திமிஷ்கில் அஷ்ரஃபிய்யா தாருல் ஹதீஸில் நபி (ஸல்) அவர்களின் செருப்பு என்று ஒரு நினைவுப் பொருள் பாதுகாக்கப்பட்டு வந்தது. அதைக் காணப் போனவர், கண்டதும் தலைத்துணியை நீக்கிவிட்டு, அதை முத்தமிட்டு, முகத்தை அதில் வைத்துத் தேய்த்து, கண்ணீர் வழிய நின்றதாக மாலிக்கி அறிஞர்களின் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

மவ்லிதுக்கு ஆதரவாக எழுதியவரும் நபியின் ஆஷிக். எதிர்த்து எழுதியவரும் நபியின் ஆஷிக். ஒருவர் பிரியத்தால் கூட்டம் கூட்டினார். மற்றவர், நபி காட்டித் தராததைச் சேர்த்துவிடுவோமோ என்ற பிரியத்தின் பயத்தால் தள்ளி நின்றார்.

மற்ற இமாம்களும் இப்படித்தான்

ஹாஃபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) முதல் மூன்று நூற்றாண்டுகளில் இது இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். நல்லதும் கெட்டதும் கலந்து நடக்கிறது. நல்லதை எடுத்துக் கெட்டதை விட்டால் அது நல்ல பித்அத் என்றார்கள். மூஸா நபி (அலை) காப்பாற்றப்பட்டதற்கு நன்றியாக ஆஷூரா நோன்பு வைக்கப்பட்ட ஹதீஸை ஆதாரமாக எடுத்தார்கள்.

அல்மத்கல் எழுதிய இப்னுல் ஹாஜ் (ரஹ்) ரபீஉல் அவ்வல் மாதத்தின் சிறப்பை உயர்த்திச் சொன்னார்கள். ஆனால் மவ்லித் என்ற பெயரில் நடந்த பாட்டையும் கூத்தையும் கடுமையாகச் சாடினார்கள்.

இப்னு தைமிய்யா (ரஹ்) முன்னோர்கள் செய்யாததால் இது பித்அத் என்றார்கள். அதே இடத்தில், பிரியத்தாலும் கண்ணியத்தாலும் செய்கிறவருக்கு அந்தப் பிரியத்துக்கும் முயற்சிக்கும் அல்லாஹ் கூலி தரலாம் என்றும், பித்அத்துக்கு அல்ல என்றும் எழுதினார்கள். ஒரு செயலைத் தவறு என்று சொல்லும்போதே, செய்கிறவரின் உள்ளத்துக்கு நியாயம் செய்தார்கள்.

மனிதர்தானே

ஸுயூத்தி இமாமைக் குறையே இல்லாதவராகக் காட்டினால் நான் வரலாறு சொல்கிறவன் ஆக மாட்டேன். மறைந்துபோன ஃபாகிஹானியிடம் காட்டிய நிதானத்தை, உயிரோடு இருந்த ஆலிம்களிடம் அவர் எல்லா நேரமும் காட்டவில்லை. இஜ்திஹாதின் தரத்தை அடைந்துவிட்டேன் என்று அறிவித்தார். ஹிஜ்ரி ஒன்பதாம் நூற்றாண்டின் முஜத்தித் தாமாக இருக்கலாம் என்று எதிர்பார்ப்பதாகவும் எழுதினார். கெய்ரோ ஆலிம்கள் கொதித்தார்கள். அவரும் சளைக்கவில்லை, பதிலுக்குப் பதில் எழுதினார்.

இப்னு ஹஜரின் பிரதான மாணவர் ஹாஃபிழ் ஷம்ஸுத்தீன் ஸகாவி (ரஹ்) அவர்களோடு நடந்த மோதல் எல்லாவற்றிலும் பெரிது. ஸகாவி தம் சரித்திர நூலில் ஸுயூத்தியை மிகக் கடுமையாகக் குறை சொன்னார். பிறர் நூல்களைத் தம் பெயரில் போட்டுக்கொள்கிறார் என்றார். ஸுயூத்தி, ஸகாவியின் சரித்திரத்துக்குச் சூடு போடுவதாகப் பெயர் வைத்தே ஒரு மறுப்பு எழுதினார்.

இதில் ஓர் ஆச்சரியம். மவ்லித் விஷயத்தில் இந்த இரண்டு பேரும் ஒரே பக்கம்! முதல் மூன்று நூற்றாண்டுகளில் இல்லாமல் பின்னால் வந்தது என்று ஸகாவியும் ஒப்புக்கொண்டார். முஸ்லிம்கள் தொடர்ந்து நடத்தி வரும் நல்ல காரியம் என்றும் சொன்னார். மவ்லித் நூல் ஒன்றும் எழுதினார். மஸ்அலாவில் ஒன்றுபட்டும் உள்ளம் ஒன்றுபடவில்லை. அப்படியென்றால், நம்மைப் பிரிப்பது மஸ்அலா மட்டும்தானா? நஃப்ஸுக்கும் அதில் பங்கு இருக்கிறதா? இதை நீங்களும் நானும் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே காலத்தில் வாழ்ந்த ஆலிம்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் பேசியதைச் சுருட்டி வைத்துவிட வேண்டும், பரப்பக் கூடாது என்று நம் முன்னோர்கள் சொன்னதும் இதனால்தான். நான் இங்கே சொன்னது படிப்பினைக்காக மட்டுமே. அல்லாஹ் இரண்டு இமாம்களின் அந்தஸ்தையும் உயர்த்துவானாக.

ரவ்ளா தீவு

கெய்ரோவின் பைபர்ஸிய்யா கான்காவுக்கு ஸுயூத்தி (ரஹ்) தலைவராக இருந்தார். நிபந்தனைப்படி நடக்காத சூஃபிகளுக்கு வக்ஃபுப் பணம் கிடையாது என்று நிறுத்தினார். ஹிஜ்ரி 906ல் அவர்கள் கிளர்ந்தெழுந்து, உடுத்திய துணியோடு அவரைத் தண்ணீர்த் தொட்டியில் தூக்கிப் போட்டார்கள். பதவி போனது. வக்ஃபுப் பணத்தில் கண்டிப்புக் காட்டுகிறவருக்கு எந்தக் காலத்திலும் இதுதான் பரிசு.

அதற்குப் பிறகு அவர் நைல் நதியின் நடுவில் இருந்த ரவ்ளா தீவில், தம் வீட்டோடு தங்கிவிட்டார். பாடம் நடத்துவதையும் ஃபத்வா கொடுப்பதையும் அதற்கு முன்பே விட்டுவிட்டிருந்தார். அதற்கான காரணத்தையும் ஒரு சிறு நூலாக எழுதினார். எழுத்து மட்டும் நிற்கவில்லை. சுல்தான் கவ்ரீ ஓர் அடிமையையும் ஆயிரம் தீனாரையும் அன்பளிப்பாக அனுப்பினார். ஆயிரம் தீனாரைத் திருப்பி அனுப்பிவிட்டு, அடிமையை உரிமை விட்டு, மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் ஹுஜ்ராவுக்குப் பணிவிடை செய்ய அனுப்பிவிட்டார் என்று அவருடைய வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள்.

ஹிஜ்ரி 911, ஜமாதுல் அவ்வல் 19. கி.பி. 1505. இடது கையில் வந்த வீக்கத்தோடு ஏழு நாள் நோயில் இருந்து, ரவ்ளா வீட்டிலேயே வஃபாத்தானார். வயது 62 நிறையவில்லை. கெய்ரோவின் கராஃபா பக்கம் அடக்கம் செய்யப்பட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

என் தவறும் என் பாடமும்

சகோதரர்களே! இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

பட்டம் வாங்கி வந்த புதிதில் ஒரு சிறிய ஊரில் இமாமாக இருந்தேன். இளம் வயது, மிம்பர் கையில் கிடைத்திருக்கிறது. ஒரு மவ்லித் இரவில் எல்லோரும் எழுந்து நின்று ஸலாம் ஓதியபோது, வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த ஒரு வாலிபர் மெதுவாக எழுந்து வெளியே போய்விட்டார். யாரிடமும் வாதம் செய்யவில்லை. அடுத்த ஜும்ஆவில், பெயர் சொல்லாமல், ஆனால் ஊருக்கே புரியும்படி, நபி மீது பிரியமில்லாதவர் என்று பேசிவிட்டேன். ஸுயூத்தியின் நூலிலிருந்து ஆதாரங்களை அடுக்கினேன். கூட்டம் சந்தோஷப்பட்டது.

அந்த வாலிபரின் தந்தையார் சுப்ஹுக்கு முதல் ஸஃப்பில் நிற்பவர். மறுநாளிலிருந்து அந்த இடம் காலியாக இருந்தது. நீங்கள் சொன்ன மஸ்அலா சரியாகவே இருக்கட்டும் ஹஜ்ரத், என் பிள்ளையின் கல்பைப் பிளந்து பார்த்தீர்களா என்று ஒருவரிடம் சொல்லி அனுப்பினார். எனக்குச் சுட்டது. ஆனாலும் போய் மன்னிப்புக் கேட்க மூன்று வருடம் ஆனது. பெரியவர் படுக்கையில் விழுந்த பிறகுதான் போனேன். கையைப் பிடித்து அழுதேன். மன்னித்தார். மகன் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். இன்றும் அவர் மவ்லிதுக்கு வருவதில்லை. ஊருக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் போவதும் இல்லை. ஆனால் அந்தப் பெரியவர் மூன்று வருடம் இழந்த முதல் ஸஃப்பை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?

ஸுயூத்தியின் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் காட்டிய அமானிதத்தை விட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் இன்றும் மவ்லித் ஓதுகிறவன்தான். ஆனால் ஓதாதவரை நபியின் எதிரியாகப் பார்ப்பதில்லை.

உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

மவ்லித் ஓதுகிறவர்களே! குர்ஆனும் ஸீராவும் ஸலவாத்தும் ஏழைகளுக்கு உணவும், இதோடு நிறுத்துங்கள். ஒலிபெருக்கியால் நோயாளியைத் தூங்கவிடாமல் செய்வதும், வற்புறுத்தி வசூலிப்பதும், அந்த இரவில் விழித்திருந்து சுப்ஹை விட்டுவிடுவதும் ஸுயூத்தி சொன்ன மவ்லித் அல்ல. எழுந்து நிற்காதவரை நிற்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

மவ்லித் ஓதாதவர்களே! உங்களுக்கும் பெரிய இமாம்கள் முன்மாதிரியாக இருக்கிறார்கள். ஃபாகிஹானியைப் பின்பற்றுவதாக இருந்தால் அவருடைய கண்ணீரையும் சேர்த்துப் பின்பற்றுங்கள். உங்கள் வாப்பாவையும் உம்மாவையும் வழிகெட்டவர்கள் என்று சொல்லி வீட்டு நேர்ச்சைச் சோற்றைத் தூக்கி எறியாதீர்கள். விருப்பமில்லை என்றால் மென்மையாக விலகிக்கொள்ளுங்கள்.

இரண்டு பக்கத்தாருமே! திங்கட்கிழமை நோன்பைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அது நான் பிறந்த நாள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்ன ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. இந்த நோன்பில் இருவருக்கும் சண்டையே இல்லை. வரும் திங்கட்கிழமை நோன்பு வையுங்கள். இஃப்தாருக்கு, நீங்கள் பேசுவதை நிறுத்திவிட்ட அந்தச் சகோதரரின் வீட்டுக்கு ஒரு தட்டுக் கஞ்சியோ நான்கு பேரீச்சம்பழமோ அனுப்பி வையுங்கள். முதலில் ஸலாம் சொல்லுங்கள். ஷாஃபிஈ வீட்டு யத்தீமுக்கு ஹனஃபி இமாம் ஆதரவாக நின்ற உம்மத் நாம்.

யா அல்லாஹ்! எங்கள் நபியின் மீது உண்மையான பிரியத்தை எங்கள் உள்ளங்களில் வைப்பாயாக. அந்தப் பிரியத்தைக் கொண்டே ஒருவரையொருவர் காயப்படுத்துவதிலிருந்து எங்களைக் காப்பாயாக. இமாம் ஸுயூத்தி, இமாம் ஃபாகிஹானி, இமாம் ஸகாவி அனைவரின் கப்ருகளையும் ஒளிமயமாக்குவாயாக. பிரிந்த உள்ளங்களைச் சேர்ப்பாயாக. காலியான எங்கள் ஸஃப்புகளை நிரப்புவாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.